கண்டி அரசியரின் ஆடை அணிகளுக்கு யார் விலை கொடுத்தார்கள்?

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் பாடசாலைச் சுற்றுலா போனவர்கள் எல்லோருக்கும் கண்டி அரசனின் சிம்மாசனம் நினைவிருக்கும். அந்தச் சிம்மாசனத்தைப் பார்த்த கண்ணுக்கு, அதே காலத்துப் பெண் சட்டை ஒன்று பெரிதாகத் தெரியாது. நிறம் மங்கிய ஒரு மேற்சட்டை. அதில் கறை. 1815 பெப்ரவரி 18ஆம் திகதி கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டபோது, அரசி வெங்கட ரங்கம்மாள் அணிந்திருந்த சட்டை அது என்றும், காதணிகளைப் பிடுங்கியபோது வழிந்த இரத்தமே அந்தக் கறை என்றும் சொல்லப்படுகிறது.

நூற்றாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்தினர் கேட்டபோது, வைத்தியர் என்றால் நீரிழிவைப் பற்றித்தான் எழுதுவார் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். உயர்தரத்தில் நான் விஞ்ஞானப் பிரிவு. ஆனாலும் சாதாரணதர வகுப்பில் வரலாறு படிப்பித்த ஆசிரியை ஒருவர், “திகதியை மனப்பாடம் செய், பிறகு அந்தத் திகதியில் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று கேள்” என்று சொல்வார். அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. 1815இல் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது இந்தச் சட்டைதான். அந்த அரசியரின் ஆடைக்கும் நகைக்கும் என்ன செலவானது, அந்தச் செலவை யார் தாங்கினார்கள் என்பதே இக்கட்டுரை. நம் சப்ரகமுவைக்கு அதில் ஒரு பெரிய பங்கு உண்டு.

அரசிகளின் உடைச் செலவு என்றதும் உலகம் முழுவதும் ஒரே பெயரைத்தான் சொல்லும்: பிரான்சின் மேரி அன்டோனெட். அவருடைய ஆடைகளுக்கென்று ஆண்டுக்கு 1,20,000 லிவர் ஒதுக்கப்பட்டிருந்தது. 1785இல் அவர் செலவழித்தது ஏறத்தாழ 2,58,000 லிவர். ஒதுக்கியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மக்கள் அவருக்குப் ‘பற்றாக்குறை அம்மையார்’ என்று பட்டம் வைத்தார்கள். சரி, பிரான்சின் கஜானாவைக் கவிழ்த்தது அந்தப் பட்டுப் பாவாடைகள்தானா? 1788ஆம் ஆண்டின் மொத்த அரச செலவு சுமார் 62 கோடி 90 இலட்சம் லிவர். அதில் ஏறத்தாழப் பாதி பழைய கடன்களுக்குப் போனது. அந்தக் கடனில் பெரும்பகுதி போர்களுக்காக வாங்கியது. முழு அரச குடும்பத்துக்கும் அரண்மனைக்குமான செலவே நூற்றுக்கு 6 பங்கு அளவுதான். அரசியின் உடைச் செலவை மொத்தத்தோடு ஒப்பிட்டால் 10,000 லிவருக்கு 4 லிவர் வரும். நோயாளிக்கு இரத்தப்போக்கு ஒரு இடத்தில், கட்டுப் போடுவது இன்னொரு இடத்தில் என்பது போன்ற கணக்கு இது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1783இல் அந்த அரசி பட்டை விட்டுவிட்டு, எளிய வெள்ளை மஸ்லின் ஆடையில் தன்னை ஓவியமாக வரையச் செய்தார். உடனே, அரசி உள்ளாடையோடு நிற்கிறாள், நம் பட்டு நெசவாளர் வயிற்றில் அடிக்கிறாள் என்று கூச்சல். விலை கூடிய ஆடைக்கும் ஏச்சு, விலை குறைந்த ஆடைக்கும் ஏச்சு. அவர் ஆடம்பரமே செய்யவில்லை என்று நான் வாதாட வரவில்லை. போரின் கடன் யாருக்கும் கண்ணில் தெரியவில்லை, பாவாடை தெரிந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

பிரான்சில் கணக்குப் புத்தகம் இருந்தபடியால் இவ்வளவும் சொல்ல முடிகிறது. கண்டி அரசியின் ஒரு சேலை எத்தனை பணம் என்று அப்படிச் சொல்ல முடியாது. அங்கே அரசியின் உடைக்குக் காசு கொடுத்து வாங்கும் வழக்கமே பெரிதாக இல்லை. நாடு முழுவதும் இராஜகாரியம் என்ற ஊழிய முறையில் ஓடியது. காணி அரசனுடையது, காணியை அனுபவிக்கிறவன் அதற்குப் பதிலாக வேலை செய்து கொடுக்க வேண்டும். அரசனுக்கு ஆடை அணிவிப்பதற்கென்றே ‘ஹலுவடன நிலமே’ என்ற அதிகாரியும் அவருக்குக் கீழே ஆட்களும் இருந்தார்கள். நகை செய்வதற்கு ‘பட்டல் ஹத்தர’ எனப்பட்ட நான்கு அரச பட்டறைகள். அங்கே வேலை செய்த பொற்கொல்லர்களுக்குச் சம்பளம் இல்லை, காணி உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ பற்றிய நூலில் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கனிப்பொருள் ஆய்வாளராக இலங்கைக்கு வந்து, கல்லைத் தேடிப் போன இடத்தில் கலையைக் கண்டுகொண்ட மனிதர் அவர்.

சலவைத் தொழிலாளரின் ஊழியமும் அப்படியே. விழாக்களுக்கு வெள்ளைத் துணி கொண்டுவருவதும், பெரியவர்கள் நடக்கும் வழியில் துணி விரிப்பதும் அவர்கள் கடமை. நிலத்தில் விரிக்கும் அந்தத் துணிக்குச் சிங்களத்தில் ‘பாவாட’ என்று பெயர். நம்முடைய ‘பாவாடை’க்கும் பழைய தமிழில் அந்தப் பொருள் உண்டு. பாவி விரிக்கும் ஆடை. காலுக்குக் கீழே விரித்தது எப்படி இடுப்பில் ஏறியது என்பதைத் தமிழ் ஆசிரியைகள்தான் விளக்க வேண்டும்.

கல் நம்முடையது. சப்ரகமுவையின் ஆற்றுப் படுகைகளிலும் வயல்களுக்கு அடியிலும் ‘இல்லம்’ எனப்படும் சரளைப் படை கிடக்கிறது. நீலமும் புட்பராகமும் வைடூரியமும் அதிலிருந்துதான் வருகின்றன. இரத்தினபுரி என்ற பெயரே அதற்குச் சாட்சி. ஆனால் கண்டி அரசர் காலத்தில் அந்தக் கல் எடுத்தவனுக்குச் சொந்தமில்லை. 1660இல் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டில் சிறையிருந்து, 1679இல் தப்பிப்போன ரொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். கல் கிடைக்கும் இடங்களில் கூரிய கம்புகளை நட்டுவைத்திருந்தார்களாம். அந்தப் பக்கம் போகிறவன் அதே கம்பில் ஏற்றப்படுவான் என்பது அதன் பொருள். அரசனிடம் போதிய கற்கள் இருந்தபடியால் மேலும் தோண்ட அவன் விரும்பவில்லை என்றும் நொக்ஸ் சொல்கிறார்.

அந்தக் கம்பை ஒரு நிமிடம் மனத்தில் நிறுத்திப் பாருங்கள். அரசியின் கழுத்தில் தொங்கிய நீலக்கல்லுக்கு விலைச்சீட்டு இல்லை. குருவிற்றையிலோ நிவித்திகலையிலோ ஒருவன் தன் வயலில் மழை கழுவிவிட்ட கல்லைக் கண்டும் குனியாமல் போனான் அல்லவா, அதுதான் அதன் விலை.

துணியின் கதை வேறு. மலைநாட்டில் முரட்டுப் பருத்தித் துணி நெய்தார்கள். சாதாரண மக்கள் அதைத்தான் உடுத்தார்கள். மெல்லிய துணி, பட்டு, சரிகை எல்லாம் கடல் கடந்து வந்தவை. பெரும்பகுதி தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தது. கண்டிக்கோ கடல் இல்லை. 1766இல் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கைக்குப் பிறகு தீவின் கரை முழுவதும் அவர்கள் கைக்குப் போய்விட்டது. உப்பும் துணியும் ஒல்லாந்தரின் கதவு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

அரச குடும்பமே துணி வியாபாரத்தோடு தொடர்புபட்டிருந்தது என்பது பாடப்புத்தகத்தில் அதிகம் வராத செய்தி. கண்டியை நாயக்கர் கையில் கொடுத்தது வாள் அல்ல, திருமணம். சத்திரிய குலத்தில் பெண் எடுக்க வேண்டும் என்று கண்டி அரசர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து மணப்பெண்களைக் கொண்டுவந்தார்கள். 1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய பிள்ளையில்லாமல் இறந்தபோது அவனுடைய அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரோடு அரியணை ஏறினான். மணப்பெண்ணோடு உறவினர்கள் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பாக்கை வெளியே அனுப்பினார்கள், துணியை உள்ளே கொண்டுவந்தார்கள், சிங்களப் பிரதானிகளுக்கு வட்டிக்குக் கடனும் கொடுத்தார்கள். 1760இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைக் கொல்ல நடந்த சதிக்குச் சமயக் காரணங்களோடு இந்தக் கடன் புகைச்சலும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அரசியின் உடல்மேல் இருந்த மெல்லிய துணி பிரதானியின் கண்ணுக்கு வெறும் துணியாகவா தெரிந்திருக்கும்? அவன் வட்டி கட்டும் வீட்டுத் துணி அது.

இவற்றைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. அது எந்தப் பட்டறையிலும் எழுதப்படவில்லை. அரசி உயர்ந்தவள் என்று காட்ட வேண்டுமானால் மற்றவர்கள் குறைத்து உடுக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே துணி இறங்கலாமா என்பது சாதியைப் பொறுத்தது என்று நொக்ஸ் எழுதுகிறார். எல்லோருக்கும் கீழே தள்ளப்பட்டிருந்த ரொடியப் பெண்களுக்கு மேலுடம்பை மறைக்கவே அனுமதி இருக்கவில்லை. ஒரு பெண்ணின் பட்டுக்கு இன்னொரு பெண்ணின் வெற்றுடம்பு வேண்டியிருந்தது. தோட்டங்களிலும், சில காலம் முன்புவரை, யார் செருப்புப் போட்டுக்கொண்டு துரை பங்களா வாசலில் நடக்கலாம் என்பதற்குச் சொல்லப்படாத சட்டம் இருந்ததை நம்மில் பலர் பாட்டிமார் வாயால் கேட்டிருக்கிறோம்.

இனி 1815க்கு வருவோம். சப்ரகமுவையின் திசாவையாக இருந்தவர் எகலப்பொல. அவர் அரசனுக்கு எதிராகத் திரும்பி, 1814இல் கிளர்ச்சி தோற்றதும் கொழும்புக்கு ஆங்கிலேயரிடம் ஓடிப்போனார். கண்டியில் பணயமாக இருந்த அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அந்த ஆண்டு மே மாதத்தில் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமையை யாரும் நியாயப்படுத்த முடியாது. அதை எழுதிவைத்தவர்களில் இருவர் என் தொழிலைச் சேர்ந்தவர்கள். ஜோன் டேவி, ஹென்றி மார்ஷல் இருவரும் ஆங்கிலப் படையின் வைத்தியர்கள். 1821இல் டேவியின் நூலும் 1846இல் மார்ஷலின் நூலும் வந்தன. இருவரில் மார்ஷலை எனக்குக் கூடப் பிடிக்கும். அரசனின் குற்றங்களை மறைக்காமலே, அவனைப் பூதமாகக் காட்டியதில் ஆங்கிலேயருக்கு என்ன இலாபம் என்றும் கேட்ட மனிதர் அவர்.

ஆங்கிலப் படை கண்டிக்குள் வந்தபோது அரசன் தும்பறைப் பக்கம் ஓடி மறைந்தான். அவன் ஒளிந்திருந்த வீட்டைச் சுற்றிவளைத்த கூட்டத்துக்கு முன்னே நின்றவர் நம் இரத்தினபுரிப் பகுதியைச் சேர்ந்த எக்னெலிகொடை, எகலப்பொலவின் ஆள். அரசனைக் கட்டினார்கள். உடனிருந்த அரசியர் இருவரின் நகைகளைப் பறித்தார்கள். டொய்லியின் மொழிபெயர்ப்பாளராக வந்த தயஸ் பண்டாரநாயக்க அங்கே தான் கண்டதைக் குறிப்பாக விட்டுச் சென்றிருக்கிறார். அரசியின் காது கிழிந்து இரத்தம் வழிந்தது அந்தக் குறிப்பில்தான் வருகிறது.

காதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காதுச்சோணையில் குருத்தெலும்பு இல்லை; தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான். பாரமான தோட்டைப் பல ஆண்டுகள் போட்டால் துளை நீண்டு, கீழே ஒரு மெல்லிய நார்போலத் தோல் மிஞ்சும். அதை இழுத்தால் அறுந்துவிடும். காயத்தின் அளவோடு பார்த்தால் இரத்தம் அதிகமாகத்தான் வரும். ஆனால் துணியால் அழுத்திப் பிடித்தால் சில நிமிடங்களில் நின்றுவிடும். சட்டை நனையும் அளவுக்கு வழிந்திருக்கிறது என்றால், அழுத்திப் பிடிக்க அந்தப் பெண்ணின் கை சும்மா இருக்கவில்லை, அல்லது பக்கத்தில் யாரும் முன்வரவில்லை. தைக்காமல் விட்டால் இரண்டு ஓரமும் தனித்தனியே ஆறிவிடும். சோணை கடைசிவரை இரண்டாகப் பிளந்தே இருக்கும்.

இந்தப் பிளந்த காதை நான் வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன். றப்பர் தோட்டங்களிலிருந்து வரும் வயதான அம்மாமார் காதில் பாம்படம் தொங்கிய பெரிய துளை இருக்கும், பாம்படம் இருக்காது. “எங்கேம்மா அது?” என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: மகள் கலியாணம், மகன் கொழும்புக்குப் போனது, வைத்தியச் செலவு. இளையவர்களில் பேருந்தில் பறிகொடுத்தவர்களும் உண்டு. விறைப்பூசி போட்டு, ஆறிப்போன ஓரங்களைச் சீவி, நாலு தையல் போட்டால் அரை மணித்தியாலத்தில் முடிகிற வேலை. வெங்கட ரங்கம்மாளுக்கு அந்த அரை மணித்தியாலம் கிடைத்ததா என்று நான் யோசிப்பதுண்டு.

பறித்த நகைகள் எங்கே போயின? கையில் கிடைத்ததை எடுத்தவன் கொண்டுபோனான். ஆங்கிலேயர் கண்டெடுத்த அரச சொத்துகள் போரில் கிடைத்த பொருட்களாகக் கணக்கிடப்பட்டன. 1820 ஜூன் மாதம் இலண்டனில் கண்டி அரசனின் நகைகள் பட்டியல் அச்சடித்து ஏலத்தில் விற்கப்பட்டன. இராஜகாரியத்தில் தோண்டிய கல், சம்பளமில்லாத பொற்கொல்லன் பதித்த கல், அந்த ஏல அறையில்தான் முதன்முறையாகப் பவுண் கணக்கில் விலை பெற்றது. அந்தப் பணத்தில் இரத்தினபுரிக்கு ஒரு சதமும் வரவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிம்மாசனம் விண்சர் மாளிகைக்குப் போய், 1934இல் திரும்பி வந்தது.

1815 மார்ச் 2ஆம் திகதி கைச்சாத்தான கண்டி உடன்படிக்கை, ‘மலபார்’ வம்சத்துக்கு இனி இந்த நாட்டில் ஆட்சியுரிமை இல்லை என்றது. அரசனின் ஆண் உறவினர்கள் கண்டி மாகாணங்களுக்குள் அனுமதியில்லாமல் காலடி வைக்கக் கூடாது என்றும் விதித்தது. பெண்களைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சில்லை. ஆண்கள் போகும் இடத்துக்கு அவர்கள் தானாகப் போவார்கள் என்பது எழுதியவர்களின் எண்ணம் போலும். 1816 ஜனவரி 24ஆம் திகதி கோர்ன்வாலிஸ் என்ற கப்பலில் அரசனும் அரசியரும் கொழும்பை விட்டுப் போனார்கள். சென்னையில் இறக்கி, வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். அரசன் 1832 ஜனவரி 30ஆம் திகதி அங்கேயே இறந்தான். வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற இடத்தில் அந்தக் குடும்பத்தின் சமாதிகள் இருக்கின்றன. கண்டியில் இருந்தவரை விலை கேட்கப்படாத அவர்களுடைய உணவும் உடையும் வேலூரில் அரசாங்கச் செலவுக் கணக்கில் ஒரு வரியாகிவிட்டன. அந்த அரசாங்கத்தின் கணக்குப்பிள்ளைகள் சிக்கனமானவர்கள்.

கண்டி அரசியர் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1855இல் தஞ்சாவூரின் கடைசி மராட்டிய அரசர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும், கம்பெனியார் அரண்மனையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். அரசரின் சொந்தச் சொத்தும் அதற்குள் அகப்பட்டது. ஆனால் மூத்த இராணி காமாட்சிபாயி அழுதுகொண்டு இருக்கவில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் கம்பெனிமீது வழக்குப் போட்டார், வென்றார். 1859இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஓர் அரசு இன்னோர் அரசின்மேல் செய்த காரியத்தை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்றது. கடைசியில் 1862இல் அரசாங்கமே தனிச்சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. அரசர் சொத்தென்று பூட்டியதில் எது அரசுடையது, எது குடும்பத்துடையது என்ற கேள்வியை ஒரு பெண் நீதிமன்றத்தில் கேட்கவைத்தாரே, அதற்காகவே காமாட்சிபாயி நம் வரலாற்று வகுப்புகளுக்குள் வர வேண்டும். வெங்கட ரங்கம்மாளுக்கு வழக்குப் போட நீதிமன்றமும் இருக்கவில்லை.

மலபார் ஆண்கள் வரக் கூடாது என்று எழுதிய கை காய்வதற்குள், 1820களில், அதே ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களுக்காக அதே தமிழகத்திலிருந்து ஆட்களைக் கூட்டி வரத் தொடங்கினார்கள். மதுரை, திருச்சி, சேலம் பக்கத்துச் சனங்கள். அரசியர் பல்லக்கில் வந்த நாட்டுக்கு இவர்கள் நடந்து வந்தார்கள். அவர்களோடு நம் பாட்டிகளின் பாட்டிகளும் வந்தார்கள். அவர்களுடைய ஆடைச் செலவுக்கு மட்டும் கணக்கு மிகச் சுத்தமாக எழுதப்பட்டது! வழிச்செலவு, சாப்பாட்டுச் செலவு, குளிருக்கு ஒரு கம்பளி; எல்லாம் முற்பணம், எல்லாம் கங்காணியின் கடன் கணக்கில். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால் அந்தக் கடன் ‘துண்டு’ என்ற காகிதத்தில் கூடவே போனது. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. கம்பளி கிழிந்த பிறகும் கம்பளிக் கடன் கிழியாத காலம் அது.

பிறகும் கணக்கு நேராகிவிடவில்லை. ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்று 1984வரை இருந்தது. நான் முதலாம் வகுப்பில் சேர்ந்த காலத்தில் பால் வெட்டும் பெண்கள் கையில் சமசம்பளம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நம் கல்லூரியின் வெள்ளைச் சீருடைக்குத் துணி எடுக்கத் தீபாவளி முற்பணத்தை எதிர்பார்த்திருந்த வீடுகள் எத்தனை! தோட்டை அடகுக்கடையில் வைத்து வெள்ளைத் துணி எடுத்த தாய்மார் எத்தனை! 1993இல் அரசாங்கம் எல்லா மாணவர்களுக்கும் இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியபோது நான் கீழ்ப்பிரிவைக் கடந்துவிட்டிருந்தேன். அந்த ஆண்டு வகுப்பில் எல்லோருடைய சட்டையும் ஒரே வெள்ளையாக இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு முன்னே வெள்ளையில் எத்தனை வகை உண்டு என்பது நீலம் போட்டுத் தோய்த்த கைகளுக்குத்தான் தெரியும்.

அரச உடையின் கதை கண்டியோடு முடிந்துவிடவில்லை. இன்று இரத்தினபுரியிலோ கேகாலையிலோ எந்தச் சிங்களத் திருமணத்துக்குப் போனாலும் மணமகள் அந்த உடையில்தான் நிற்கிறாள். இடுப்பில் கொசுவம் விரியும் ஒசரி, நெற்றியில் ‘நலல்பட்ட’, கழுத்திலிருந்து வரிசையாக இறங்கும் ‘பதக்கம்’, காதில் ‘தோடு’. சொற்களைக் கேட்டாலே போதும். தோடும் பதக்கமும் எந்த மொழியிலிருந்து போயின என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒசரியின் கொசுவத்திலும் நாயக்கர் அரண்மனையின் சாயல் இருப்பதாக ஆடை வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். அந்நியர் என்று கப்பலேற்றிய பெண்களின் உடை, நாட்டின் மணக்கோலமாகத் தங்கிவிட்டது. கம்பு நட்டு உடையைக் காத்த காலம் போய், யாரும் உடுக்கலாம் என்ற காலம் வந்தது எனக்கு மகிழ்ச்சியே.

யாரும் உடுக்கலாம், ஆனால் பெரும்பாலும் வாடகைக்கு. மணமகள் அலங்கார நிலையங்களில் முழுத் தொகுதியாகக் கிடைக்கும். முலாம் பூசிய உலோகம், கண்ணாடிக் கல். உண்மையான கல் இன்றும் இதே மாவட்டத்தில் குழியிலிருந்து ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பங்கு முறையில் இடுப்பளவு நீரில் நின்று இல்லத்தை அரிக்கும் தொழிலாளர்கள் காலில் புண்ணோடும், எலிக்காய்ச்சலோடும் எங்கள் விடுதிக்கு வருகிறார்கள். அவர்கள் எடுத்த கல் எந்த நாட்டில் யார் விரலில் இருக்கிறது என்று அவர்களும் கேட்பதில்லை.

சென்ற ஆண்டு எங்களோடு வேலை செய்யும் சிங்களத் தாதி ஒருவருக்குத் திருமணம். விடுதியில் இருந்த நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். பதக்கத்துக்குத் தமிழில் என்ன சொல் என்று என்னிடம் கேட்டார். பதக்கம்தான் என்றேன். முதலில் நம்பவில்லை, பிறகு சிரித்தார். தோட்டுக்கும் கேட்டார், அதற்கும் அதே பதில்தான். வாடகைத் தோடு பாரமாக இருந்து காது சிவந்துபோயிருந்தது. கொஞ்சம் கழற்றி வைக்கச் சொன்னேன். படம் எடுத்து முடியவில்லை, அதோடு நாளை காலை 9 மணிக்கு முன் தொகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பலாங்கொடையில் இன்னொரு மணமகள் காத்திருக்கிறாள் என்றார்.